டெய்லர் கல்லியின் மழைமானி

ஒரு பிப்ரவரி மாதக் காலை. செம்பூரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வு மையத்தின் கணினித் திரையில் மட்டும் தாராவியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நகரத்தில் அங்கங்கே நாங்கள் வைத்திருந்த மழைமானிகள் எல்லாம் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு சாதுவாக இருந்தன. டெய்லர் கல்லியில் ஒரு மொட்டை மாடியில் இருந்தது மட்டும், சில நிமிடங்களுக்குள் நல்ல ஜூலை மாத மழையைக் காட்டிவிட்டுச் சட்டென்று ஓய்ந்தது.

அனகா திரையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாரதா தாயி, தாராவியில் உங்கள் ஜனங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?"

தாயி என்றால் மராத்தியில் அக்கா. உங்கள் ஜனங்கள் என்றால் தமிழர்கள். அனகா எங்கள் திட்டத்தின் தலைவி. வெள்ளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். என்னைவிட வயதில் மிகவும் சின்னவள். மழையும் கடலும் சேர்ந்து மும்பையின் எந்தத் தெருவில் எப்போது எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தும், அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

நான் அதில் கள உதவியாளர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த கதையை இதே பக்கத்தில் போன வாரம் எழுதியிருந்தேன். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசத் தெரிந்தவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து இந்த வேலையில் சேர்ந்தேன். மழைமானிக்கும் எனக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் கிடையாது.

"போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

ஒரு செம்புத் தண்ணீர்

டெய்லர் கல்லி, நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டும். இருபுறமும் தையல் மெஷின்களின் சத்தம். ரெக்சின் துணியின் புது வாசனை.

மழைமானி இருந்த வீடு முத்துலெட்சுமியுடையது. கீழே ஆறு மெஷின்கள் போட்டுப் பள்ளிப் பைகள் தைக்கிற பட்டறை. இரும்பு ஏணியில் ஏறினால் குடும்பம் இருக்கும் அறை. அதற்கும் மேலே மொட்டை மாடி. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும் அவளுக்கு. கழுத்தில் இன்ச் டேப்பை மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள், என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போல.

"நீங்கதான் மாடி மெஷின்காரவளா?"

"ஆமாம். அந்த மழைமானியைப் பாக்கணும். காலம்பற ஏதோ தப்பாக் காட்டறது."

"தப்பெல்லாம் காட்டல. நாந்தான் ஒரு செம்பு தண்ணி ஊத்துனேன்."

"எதுக்கு ஊத்தினேள்?"

"மூணு மாசத்துக்கு முன்னால ரெண்டு பேரு வந்து அதை வச்சிட்டுப் போனாவ. அதுக்குப் பொறவு ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நெசமாவே அதைப் பாக்கியளா, இல்ல சும்மா வச்சிட்டுப் போயிட்டியளான்னு எனக்குத் தெரியணும்லா? அதான் ஊத்துனேன்." சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பத்து மணிக்கு ஊத்துனேன். பன்னெண்டு அடிக்கதுக்குள்ள வந்துட்டிய. பரவாயில்ல. பாக்கத்தான் செய்யுதிய."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்தாள். டீ வந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"இந்த மெஷின் என்ன சொல்லும்?"

"எவ்வளவு மழை பெஞ்சிருக்குன்னு சொல்லும்."

"பெஞ்ச பொறவா?"

"ஆமாம்."

"பெஞ்சது எங்களுக்கே தெரியுமே மேடம். நனையுறது நாங்கதானே. தண்ணி எப்ப வீட்டுக்குள்ள வரும்னு சொல்லுமா? மெஷினைத் தூக்கி மேல வைக்க ஒரு மணி நேரம் கெடச்சாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல."

அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.

இரண்டாவது மாடியிலிருந்து பார்த்த வெள்ளம்

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ஃபோர்ட்டில் ஆபீஸ் வேலை. எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு அது திருவிழா. பள்ளிக்கூடம் கிடையாது. பால்கனியில் வரிசையாக நின்றுகொண்டு, நின்றுபோன டாக்ஸிகளை எண்ணுவோம். அம்மா வெங்காய பஜ்ஜி போடுவாள். அப்பா தண்டவாளத்தோரமாகவே நடந்து, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வருவார். "வந்துட்டேன்!" என்று கீழேயிருந்து அவர் கத்தும்போது நாங்கள் கை தட்டுவோம்.

வெள்ளம் என்றால் எனக்கு அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தது.

பல வருஷங்களுக்கு முன் மும்பையையே முக்கியெடுத்த அந்தப் பெருமழையின்போது டெய்லர் கல்லியில் என்ன நடந்தது என்று முத்துலெட்சுமி அன்றைக்குச் சொன்னாள். தண்ணீர் பின்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. மெஷின் மோட்டார்கள் அத்தனையும் போயின. தைத்து அடுக்கிவைத்திருந்த பைகள் மிதந்து தெருவுக்குப் போயின. சந்தின் திருப்பத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த மீட்டர் பெட்டியை அணைக்கப் போன அவள் கணவரைக் கரண்டு தூக்கி எறிந்திருக்கிறது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். வாஷி காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கும் அவருக்கு வலது கையின் இரண்டு விரல்களில் இன்றுவரை உணர்வு கிடையாது.

அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. கையிலிருந்த பையின் ஜிப்பை மட்டும் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

தாராவி என்னும் குன்று

செம்பூருக்குத் திரும்பியதும் அனகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செம்புத் தண்ணீர்க் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "தண்ணீர் எப்போது உள்ளே வரும்" என்ற கேள்வியைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரியான கேள்வி. நாம் அதற்குப் பதில் வைத்திருக்கிறோமா, பார்க்கலாம்" என்று கணினியில் தாராவியின் வரைபடத்தைத் திறந்தாள்.

பார்த்தால், வெள்ளம் டெய்லர் கல்லிக்கு வரவே வராது என்கிறது கணினி. எந்தப் பெருமழையைக் கொடுத்தாலும் கல்லி காய்ந்தே கிடந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அனகாவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. தரையின் மேடு பள்ளத்தைச் செயற்கைக்கோள் அளந்து கொடுத்த கணக்கிலிருந்து எடுத்திருந்தார்கள். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் தாராவியில், வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்குத் தரை எங்கே தெரியப்போகிறது? கூரைகளைத்தான் அது தரை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது முத்துலெட்சுமியிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப ஒங்க கம்ப்யூட்டருக்கு நாங்க மலை மேல இருக்கோமாக்கும்?" என்றாள். பிறகு பட்டறைக்குள் திரும்பி, "ஏட்டி ஜெயா, கேட்டியா, நம்ம வீடு ஊட்டியில இருக்காம்" என்று மகளிடம் கத்தினாள்.

ஜெயா கல்லூரியில் படிப்பவள். "ஊட்டினா ஸ்வெட்டர் வாங்கிக் குடும்மா" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

தரையை நாங்களே அளப்பது என்று முடிவாயிற்று. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய்தான் கருவி. கண்ணாடி மாதிரியான நீளக் குழாயில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து எந்த வாசல் தாழ்வு, எந்த வாசல் உயர்வு என்று குறித்துக்கொண்டே போகலாம். ஒரு முனையை முத்துலெட்சுமி பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, சந்து முழுக்க நடந்தோம். மேலே பார்த்தபடி நடந்து இரண்டு முறை ஒரே வாளியில் இடித்துக்கொண்டேன்.

அதோடு, பழைய வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்றும் வீடு வீடாகக் கேட்டோம். அங்கேதான் வேடிக்கை. தோல் பட்டறையில் வேலை செய்யும் இசக்கி, "எனக்கு இடுப்பு வரைக்கும் வந்துச்சு" என்றான். அதே இடத்தில் நின்றுகொண்டு அவன் மனைவி, "பொய் சொல்லுதாரு, கழுத்து வரைக்கும் வந்துச்சு" என்றாள். இசக்கி நெட்டை. அவன் மனைவி குட்டை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

முத்துலெட்சுமி கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். "ஏல இசக்கி, நேரா நில்லு. ஒன் இடுப்பு எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னு பாப்போம்." தரையிலிருந்து அவன் இடுப்பை அளந்தாள். பிறகு அவன் மனைவியின் கழுத்தை அளந்தாள். இரண்டு அளவும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன.

அன்றைக்கு டெய்லர் கல்லியில் இடுப்பு, முட்டி, நெஞ்சு என்று பலருடைய அளவு எடுத்தோம். யாரும் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. செம்பூரில் அந்தத் தாளைப் பார்த்த அனகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இந்த மாதிரி நல்ல தகவல் எந்தச் செயற்கைக்கோளும் தனக்குக் கொடுத்ததில்லை என்றாள்.

புதிய அளவுகளைப் போட்டதும் கணினியில் இருந்த குன்று பள்ளமாக மாறியது. தண்ணீர் ரோட்டுப் பக்கமிருந்து வரவில்லை. கல்லியின் பின்னால் ஓடும் நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், கடல் முகத்துவாரத்தில் போய்ச் சேர்கிறது. கடல் ஏறும் நேரத்தில் நாலாவின் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பெருமழையும் பெய்தால் நின்ற தண்ணீர் பின்வாசல் வழியாகக் கல்லிக்குள் திரும்பி வரும். முத்துலெட்சுமி முதல் நாளே சொன்னது அதுதான்.

மழையின் அளவும் கடல் ஏறும் நேரமும் தெரிந்தால், தண்ணீர் எப்போது வரும் என்பதை ஓரளவு முன்னாலேயே சொல்லிவிடலாம். அவள் கேட்ட ஒரு மணி நேரம் கிடைத்துவிடும் போலிருந்தது.

என் குரலுக்கு வந்த சோதனை

எச்சரிக்கையை எப்படிச் சொல்வது? அது என் பொறுப்பு.

முதலில் ஒரு துண்டறிக்கை எழுதினேன். "வெள்ள அபாய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஜெயா அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். "ஆன்ட்டி, தமிழ் பேசுவேன். பட்னா நஹீ ஆதா." தமிழ் படிக்கத் தெரியாதாம். முத்துலெட்சுமிக்குப் படிக்கத் தெரியும், எழுத்துக்கூட்டித்தான். "இதை வாசிச்சு முடிக்கதுக்குள்ள தண்ணி வந்துட்டு வடிஞ்சும் போயிரும்" என்றாள்.

சரி, பேசி அனுப்புவோம் என்று முடிவு செய்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். ஆயிரக்கணக்கான ஜனங்களை ஒரு பிளாட்ஃபாரத்திலிருந்து இன்னொரு பிளாட்ஃபாரத்துக்கு ஓடவைத்த குரல் அல்லவா! தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவு செய்து, கல்லியில் எல்லாருடைய போனுக்கும் ஒத்திகையாக அனுப்பினேன்.

"அன்பார்ந்த டெய்லர் கல்லிவாசிகளுக்கு வணக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜலம் உள்ளே வரதுக்கு வாய்ப்பிருக்கு. தயவுசெய்து பதறாதேங்கோ..."

கல்லியே சிரித்தது. இசக்கி வாசலுக்கு வந்து, "யாரோ கல்யாணத்துக்கு அழைக்காவன்னுல்லா நெனச்சேன்!" என்றான். நான் போகும் வழியெல்லாம் குழந்தைகள் "ஜலம், ஜலம்" என்று கூடவே வந்தார்கள்.

முத்துலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "கொரல் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா பயமே வரலையே. கேட்டாத் தூக்கம்லா வருது" என்று சொல்லிவிட்டு, என் போனை வாங்கி வாய்க்கு நேரே பிடித்தாள்.

"தண்ணி வருது. மெயினை அணை. மெஷினைத் தூக்கு. பிள்ளையள மேல ஏத்து."

அவ்வளவுதான். மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. அதையே ஜெயா இந்தியில் சொன்னாள். எனக்கு அதில் வேலை இருக்கவில்லை.

திரும்பிப் போகும் பஸ்ஸில் எனக்கு முகம் கொஞ்சம் தொங்கித்தான் போயிருந்தது. இத்தனை வருஷ அனுபவத்தை ஒரு பை தைக்கிறவள் நான்கு வரியில் ஓரம் கட்டிவிட்டாளே! மாட்டுங்கா வருவதற்குள், அந்த நான்கு வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது, என் கால்கள் தாமாகவே எழுந்திருக்கப் பார்த்தன. அப்புறம் வருத்தம் இல்லை.

வராத தண்ணீர்

அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள், கணக்கெல்லாம் கூடி வந்தது போலிருந்தது. அனகா சொல்ல, நான் முத்துலெட்சுமியின் குரலை அனுப்பினேன். கல்லி முழுவதும் மெஷின்களைத் தூக்கியது. சந்து முனையில் அரிசிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் அவர் மனைவியும் கடையிலிருந்த அத்தனை மூட்டையையும் பரண் மேல் ஏற்றினார்கள்.

மூன்று மணிக்கு வெயில் அடித்தது. மழை டிராம்பே பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது.

மறுநாள் நான் போனபோது அண்ணாச்சி கடை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க மேடம். ஒடம்புக்கு நல்ல கசரத்து. அடுத்தது எப்பன்னு முன்னாலயே சொன்னியன்னா, ரெண்டு முட்டை சாப்பிட்டுத் தயாரா இருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் காரம் இருந்தது. ஒரு நாள் வேலை கெட்ட காரம்.

அன்று சாயங்காலம் அனகாவே வந்தாள். சந்தின் நடுவில் நின்று இந்தியில் சொன்னாள்: "தப்பு எங்களுடையது. மேகம் எந்தப் பக்கம் போகும் என்பதில் ஏமாந்துவிட்டோம். மறுபடியும் ஏமாற மாட்டோம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும்."

முதலில் பேசியவர் அண்ணாச்சிதான். "ஆபீஸ்லேருந்து வந்த ஆளு தப்பு எங்களுதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அந்தப் பிள்ளைக்கு ஒரு டீ சொல்லு."

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது முத்துலெட்சுமி ஒரு யோசனை சொன்னாள். "ஒரே தடவையா எல்லாத்தையும் தூக்கச் சொல்லாதிய. முதல்ல ஒரு கொரல், 'கவனமா இரு'ன்னு. அப்ப பாரம் இல்லாததை மட்டும் தூக்குவோம். வெளிய போன ஆளைத் திரும்பக் கூப்புடுவோம். அப்பொறம் நெசமாவே வரும்னு தோணுச்சுன்னா ரெண்டாவது கொரல். அப்ப மெஷினைத் தூக்குவோம்."

அனகா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் புதிய வரைபடம் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரலாம் என்று சிவப்புக் கோடு. அந்தக் கோடு மீட்டர் பெட்டிக்கு மேலே ஓடியது. பார்த்ததும் முத்துலெட்சுமி, வரைபடத்தில் அந்தப் பெட்டியின் மேல் விரலை வைத்து மகளிடம் காட்டினாள்.

ஜெயா அந்த வரைபடத்தை இணைத்து மின் கம்பெனிக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினாள். ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பெட்டியைத் தோள் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் மாட்டினார்கள். எங்கள் ஆராய்ச்சியின் முதல் பலன் அதுதான். வாஷியிலிருந்து திரும்பிய முத்துலெட்சுமியின் கணவர் அந்தப் பெட்டியின் கீழே நின்று, தலையை அண்ணாந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வந்த தண்ணீர்

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். மழைமானியில் புறா இறகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க நான் டெய்லர் கல்லிக்குப் போயிருந்தேன். மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே மழை வலுத்தது. மானிக்குள் இருக்கும் சின்னக் கிண்ணங்கள் நிறைந்து சாயும் சத்தம், டக் டக் டக் என்று, நிற்காமல் கேட்டது.

பதினொரு மணிக்கு முதல் குரல் போயிற்று.

நான் கீழே வந்து சந்து முனை வரை நடந்தேன். அண்ணாச்சி மூட்டைகளை ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எலி வருது மேடம். அதுக்குத்தான் தூக்குறேன்" என்றார். எலிக்கு என் நன்றியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் பட்டறைக்குத் திரும்பியிருந்தபோது, பன்னிரண்டரைக்கு அனகா போனில் வந்தாள். "தாயி, இரண்டரை மணி வாக்கில் கடல் உச்சிக்கு ஏறும். மழை இப்படியே பெய்தால் ஒன்றே முக்காலுக்குக் கல்லியில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் நூற்றுக்கு நூறு என்னால் சொல்ல முடியாது. போன தடவை மாதிரி ஆகிவிட்டால் இனி நம்மை யாருமே நம்ப மாட்டார்கள். இரண்டாவது குரலை அனுப்பலாமா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முத்துலெட்சுமியிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"நூத்துக்கு நூறு யாரு கேட்டா? மழை வரும்னு நூறும் தெரிஞ்ச பொறவா குடை எடுத்துட்டுப் போறோம்? அனுப்பச் சொல்லுங்க."

நான் அனுப்பினேன். நொடிக்குள் அவள் குரல் கல்லியின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் ஒலித்தது. தண்ணி வருது. மெயினை அணை. அவள் அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. முதல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "மேடம், அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். தையல் மெஷின் இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஜெயா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். அடுத்தடுத்து வீடுகளில் மெஷின்கள் ஏணி வழியே மேலே போயின. அப்போதுதான் யாரோ இசக்கியை நினைவூட்டினார்கள். அவன் வீடு பின்கோடியில், தரைத்தளம். போன வாரம்தான் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

நான்கு பேர் போய் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் அண்ணாச்சி. "ஏல, அரிசி மூட்டையே தேவலைல" என்று அவர் மூச்சு வாங்க, இசக்கி நாற்காலியில் சாமி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, இடது பக்கம் சரியுது, பாத்துத் தூக்குங்க" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தான். முத்துலெட்சுமி வீட்டு ஏணியில் அவனை எப்படி ஏற்றினார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஏற்றிவிட்டார்கள்.

ஒன்றரை அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பின்கோடியிலிருந்து தண்ணீர் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. கறுப்பாக, ஒரு ஒற்றைச் செருப்பைச் சுமந்துகொண்டு, வாசல் வாசலாக நின்று நின்று வந்தது. மேல் அறையில் மெஷின்களுக்கும் பைகளுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஏணித் துவாரம் வழியாக அதைப் பார்த்தோம். என் வாழ்நாளில் வெள்ளத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்றமும் முதல் தடவை. பயமாகத்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்ட ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்துலெட்சுமி என் போனை வாங்கி அனகாவிடம் தன்னுடைய இந்தியில் பேசினாள். "மேடம், ஆப்கா டைம் கலத் ஹை. பீஸ் மினிட் பஹ்லே ஆயா." அவள் சொன்ன நேரம் தப்பாம், இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டதாம். குற்றம் சாட்டுகிற குரல். முகத்தில் மட்டும் பெருமை வழிந்தது.

அந்தப் பக்கம் அனகா கிட்டத்தட்டக் கத்தினாள். "சரியாக எத்தனை மணிக்கு? யாராவது குறித்தீர்களா?"

முத்துலெட்சுமி குறித்திருந்தாள். ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால், தண்ணீர் ஏற ஏற, நேரத்தோடு கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த இருபது நிமிஷப் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அனகாவுக்குப் பின்னால் உதவியது அந்தக் கோடுகள்தான்.

சாயங்காலம் கடல் இறங்கியதும் தண்ணீரும் இறங்கியது. இசக்கியின் மனைவி தண்ணீரில் நடந்து வந்து, புருஷனை மேல் அறையில் டீயும் கையுமாகப் பார்த்துவிட்டு, "நான் அங்க அழுதுட்டு வாரேன், நீரு இங்க டீ குடிக்கீரா?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே அழுதாள். எல்லாருமாகக் கீழே இறங்கிச் சேற்றைத் தள்ளினோம். நான் பிடித்த விளக்குமாறு எனக்குச் சரிப்படவில்லை என்று ஜெயா பாதியில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள்

மறுநாள் காலை பத்து மணி வாக்கில், என்ன சேதம் என்று கேட்டு எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவுமாகப் போனேன். பழைய பெருமழைக்குப் பிறகு அந்தப் பட்டறை மறுபடி ஓட மூன்று மாதம் ஆனது என்று அவள் சொல்லியிருந்தாள். ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பஸ்ஸில் வார்த்தைகளைக்கூடத் தயார் செய்துவைத்திருந்தேன்.

சந்துக்குள் நுழையும்போதே மெஷின் சத்தம். ஒன்றல்ல, எல்லா வீடுகளிலும். தரை ஈரமாக இருந்தது. பினாயில் வாசனை அடித்தது. முத்துலெட்சுமியின் ஆறு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஒரு நீலப் பையின் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சாரதாக்கா. பேச நேரமில்ல. இன்னைக்கு அம்பது பை குடுக்கணும்."

மேடம், அக்காவாக மாறியிருந்தது. நான் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்து நின்றார். தோளில் பெரிய கேமரா, முழங்கால் வரை பூட்ஸ். வெள்ளப் படம் எடுக்கக் காலையிலிருந்து சுற்றுகிறவர் போல. உள்ளே எட்டிப் பார்த்தார். ஓடும் மெஷின்களைப் பார்த்தார். அடுக்கிவைத்த பைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம்.

"இங்க தண்ணி வரலையா?" என்று தமிழிலேயே கேட்டார்.

முத்துலெட்சுமி தலையை நிமிர்த்தவில்லை. ஊசிக்குக் கீழே பட்டையைத் திருப்பி வைத்தாள்.

"வந்துச்சு. போயிட்டு."